ஏற்காடு ரோட்டில் வசனம் எழுதியவர் கோட்டைக்குப் போன கதை!

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் கொஞ்சம் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ரோட்டோரம் ஒரு வளைவு நிற்கிறது. "மாடர்ன் தியேட்டர்ஸ்" வாசல்! உள்ளே இப்போது ஸ்டுடியோவும் இல்லை, கூத்தும் இல்லை. வீடுகள்தான் இருக்கின்றன. காய்கறிப் பையோடு ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள்.

75 வருஷத்துக்கு முந்தி இந்த வாசல் வழியாக ஒரு வாலிபர் தினமும் வேலைக்குப் போனார். வயது 25 சுமார். மெலிந்த உடம்பு. சுருள் முடி. கையில் காகிதக் கட்டு. மாதச் சம்பளத்துக்கு வசனம் எழுதுகிற உத்தியோகம்.

சம்பளக்காரராக வந்த அந்த வாலிபர் பின்னாளில் 5 தடவை தமிழ்நாட்டின் முதல்-அமைச்சர் ஆனார். ஆம்! மு.கருணாநிதிதான்.

அவர் பிறந்தது தஞ்சைச் சீமையில், திருக்குவளையில். படித்தது திருவாரூரில். அரசியல் பழகியது ஈரோட்டில். ஆனால் "கதை-வசனம்: மு.கருணாநிதி" என்று ஊரறியப் பெயர் வாங்கிக் கொடுத்தது சேலம்! இது சேலத்துக்காரர்களே பாதிப்பேர் மறந்துவிட்ட சங்கதி.

அரிதாரம் பூசிய வாலிபர்

வசனம் எழுதுவதற்கு முன்பே அவர் மேடையில் ஏறி நடித்தவர். அரிதாரம் பூசி, வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டவர்.

1940-களின் தொடக்கத்தில் திருவாரூரில் மாணவர்களைச் சேர்த்து மன்றம் வைத்தார். "பழனியப்பன்" என்று ஒரு நாடகம் எழுதினார். எழுதியவரே நடிகர். விழுப்புரத்திலும் நாடகக் கோஷ்டியோடு தங்கி நடித்தார். அந்தக் காலத்தில் நாடக நடிகன் பிழைப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொட்டகை நிறைந்தால் சோறு. நிறையாவிட்டால் பச்சைத்தண்ணீர்!

இப்படி வேஷம் கட்டியது அவர் ஒருவர் மட்டும் அல்ல. அவருடைய தலைவர் அண்ணாவே நடிகர்தான். எம்.ஏ. படித்தவர், பத்திரிகை ஆசிரியர், பெரிய பேச்சாளர். அவர் "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" நாடகத்தை எழுதி, அதில் காகபட்டராக வந்து நின்றார். சிவாஜியாக நடித்த பையன் வி.சி.கணேசன். அந்த நடிப்பைப் பார்த்துத்தான் பெரியார் அவருக்கு "சிவாஜி" என்று பேர் வைத்தார். மேடைதான் அப்போது இந்த இயக்கத்துக்கு ரேடியோ, பத்திரிகை எல்லாம்!

1945-ல் புதுச்சேரியில் கழக மாநாடு. அங்கே எதிர்க்கோஷ்டி ஆட்கள் கருணாநிதியைச் சூழ்ந்து அடித்துப் போட்டார்கள். செத்துவிட்டான் என்று நினைத்துப் போனவர்கள் உண்டு. உயிர் பிழைத்து வந்தவருக்குக் காயத்தில் மருந்து போட்டவர் பெரியார். கையோடு ஈரோட்டுக்குக் கூட்டிப் போய் "குடி அரசு" பத்திரிகையில் உட்கார வைத்தார். துணை ஆசிரியர் வேலை. நாடகக்காரர் பத்திரிகைக்காரர் ஆனார்.

பேர் வராத படம்

அங்கிருந்து சினிமாவுக்கு. கோவையில் ஜூபிடர் கம்பெனி எடுத்த "ராஜகுமாரி" 1947-ல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். வசனத்தில் கருணாநிதியின் பங்கு பெரிது. டைட்டிலிலோ வசன உதவி என்றுதான் பேர்.

அதற்கு அடுத்து "அபிமன்யு". 1948. உழைப்பு அவருடையது. படம் வந்தபோது கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாலும் டைட்டிலில் அவர் பெயர் இல்லை!

ராத்திரி பகலாகக் கணக்கு எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரியும், மானேஜர் கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போனால் வயிறு எப்படி எரியும் என்று. 24 வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதே 1948-ல் முதல் மனைவி பத்மாவதியும் காலமானார். கையில் குழந்தை முத்து.

கோவையை விட்டுத் திருவாரூருக்கே திரும்பினார். மறுபடி நாடகம் எழுதினார். அதில் ஒன்றுதான் "மந்திரி குமாரி". பழைய குண்டலகேசிக் கதையை எடுத்து, நறுக்கி, புது மசாலா போட்டு எழுதியது. தேவி நாடக சபைக்காரர்கள் அதை மேடை ஏற்றினார்கள். கூட்டம் கட்டி ஏறியது.

அந்தச் சமயம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர் கவி கா.மு.ஷெரீப். நல்ல மனசுக்காரர். முதலாளியிடம் போய், இப்படி ஒரு ஆள் இருக்கிறார், அவரை விடக்கூடாது என்று சொல்லி வைத்தார். கருணாநிதிக்குச் சேலத்திலிருந்து அழைப்பு போயிற்று.

திருச்செங்கோட்டு முதலாளி

அந்த முதலாளி டி.ஆர்.சுந்தரம். டி என்றால் திருச்செங்கோடு! நெசவுத் தொழில் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு, வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். மில் ஆரம்பிப்பார் என்று ஊர் நினைத்தது. அவரோ 1935-ல் சேலத்தில் சினிமாக் கம்பெனி ஆரம்பித்தார்.

ஆனால் சினிமாவையும் மில் மாதிரியே நடத்தினார் என்பதுதான் விசேஷம். கேமரா, லேபரட்டரி, செட்டு போடுகிற தச்சர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நேரம் என்றால் நேரம். பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம் என்ற பேச்சே கிடையாது. 100-க்கு மேற்பட்ட படங்கள் அந்தக் காம்பவுண்டிலிருந்து வெளியே போயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" (1938) எடுத்ததும் இதே சேலம் கம்பெனிதான். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) இங்கேதான்.

சுந்தரம் முதலியார் கட்சிக்காரர் அல்ல. வியாபாரி. கதை ஓடுமா, போட்ட பணம் வருமா, அவ்வளவுதான் கணக்கு. அவரிடம் போய்ச் சேர்ந்தவரோ 1949 செப்டம்பரில் பிறந்த தி.மு.க.வின் பச்சைக் கட்சிக்காரர்! வசனம் எழுதிய கை காயும் முன்பே பொதுக்கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போகிற ரகம். இரண்டும் எப்படி ஒத்துப் போயின?

ஒத்துப் போயின என்பதற்குச் சாட்சி "மந்திரி குமாரி".

பார்த்திபனுக்கு விழுந்த கைதட்டல்

1950-ல் படம் வந்தது. டைரக்டர்கள் அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கனும் சுந்தரமும். எம்.ஜி.ஆர். தளபதி. மாதுரிதேவி மந்திரி மகள். ஜி.சகுந்தலா ராஜகுமாரி.

ராஜகுருவின் மகன் பார்த்திபன். பகலில் பெரிய இடத்துப் பிள்ளை. இரவில் கொள்ளைக்காரன். கொள்ளையடிப்பதைக் கலை என்று சொல்லி நியாயம் பேசுகிற படுபாவி! அந்த வேஷம் எஸ்.ஏ.நடராஜனுக்கு. மந்திரி மகள் அவனைக் காதலித்து மணக்கிறாள். புருஷன் யார் என்று தெரிந்துபோகிறது. அவளைத் தீர்த்துக்கட்ட மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். கடைசியாக உங்களை மூன்று தடவை சுற்றி வந்து கும்பிடுகிறேன் என்கிறாள். சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் ஒரே தள்ளு!

படம் பார்த்தவர்கள் ஏற்காடு மலைப்பாதையில் பள்ளத்தைப் பார்த்தால் இன்றைக்கும் இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

சும்மா சொல்லக்கூடாது. கொட்டகையில் கைதட்டல் கதாநாயகன் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்ததை விட வில்லன் நடராஜனுக்குத்தான் அதிகம் என்பார்கள். காரணம் வசனம். நாக்கில் ஒட்டிக்கொள்கிற தமிழ். எதுகை, மோனை, அடுக்கு. டீக்கடையில் உட்கார்ந்து ஜனங்கள் வசனத்தை ஒப்பித்தார்கள். பாட்டுப் புஸ்தகம் விற்ற காலம் போய் வசனப் புஸ்தகம் விற்கிற காலம் வந்தது.

ராஜகுரு என்று ஒருவர் அரண்மனையையே ஆட்டி வைக்கிறார், அவர் மகன் திருடன். இது சினிமாக் கதைதானா, அரசியலா? கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டுக்காரனுக்குக் கூடப் புரிந்தது. சென்சாரும் படத்தை நிறுத்தவில்லை. முதலாளியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லா நிறைந்தது.

டைட்டிலில் பேர் வந்தது. வந்ததோடு மட்டுமா? அடுத்து நடந்ததுதான் பெரிது. எழுத்தாளர் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குகிற வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. இளங்கோவன் காலத்திலேயே வசனகர்த்தாவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் போஸ்டரில் நடிகருக்குச் சமமாக எழுத்தாளன் பேர் விழுந்தது கருணாநிதிக்குப் பிறகுதான் என்றால் மிகை இல்லை.

இதில் அரசியல் லாபமும் சேர்ந்தே வந்தது. "மந்திரி குமாரி வசனம் எழுதினவர் பேசுறாராம்" என்றால் கட்சி பிடிக்காதவனும் கூட்டத்துக்கு வருவான். வந்தவன் ஒரு மணி நேரம் நிற்பான். புதுக்கட்சி. கையில் காசு கிடையாது. பெரிய பத்திரிகை எதுவும் பின்னால் இல்லை. சினிமாவே நோட்டீஸ் ஒட்டிக் கொடுத்த மாதிரி ஆயிற்று!

ஒரே ஸ்டுடியோவில் இத்தனை பேரா?

கருணாநிதி மட்டும் சேலத்தில் இருந்திருந்தால் கதை இதோடு போயிருக்கும். அந்த நாளில் அதே காம்பவுண்டில் இன்னொரு வாலிபர் இருந்தார். காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டி. கம்பெனி நடத்திய "சண்டமாருதம்" பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். பெயர் கண்ணதாசன்!

இரண்டு பேரும் சேலத்தில் ஒன்றாகச் சுற்றினார்கள். கட்சியும் ஒன்று. பிறகு கோபம் வந்து பிரிந்து, கண்ணதாசன் தன் "வனவாசம்" புத்தகத்தில் பழைய சினேகிதரைக் கிழித்துப் போட்டது தனிக் கதை.

"மந்திரி குமாரி"யின் கதாநாயகன் எம்.ஜி.ஆர். அடுத்த வருஷமே அதே கம்பெனியில் "சர்வாதிகாரி". அதற்கு வசனம் ஏ.வி.பி.ஆசைத்தம்பி. அவரும் தி.மு.க.காரர்தான். பின்னாளில் எம்.பி. ஆனார்.

எண்ணிப் பாருங்கள். ஒரே வாசல். இரண்டு எதிர்கால முதல்-அமைச்சர்கள். ஒரு எதிர்கால எம்.பி. ஒரு எதிர்கால அரசவைக் கவிஞர். மதியம் எல்லாரும் ஒரே இடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள்! யார் கண்டது?

சேலத்து மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1944 ஆகஸ்ட் 27-ந் தேதி நீதிக்கட்சி மாநாடு சேலத்தில்தான் நடந்தது. பட்டம், பதவி எல்லாம் உதறச் சொன்ன "அண்ணாதுரை தீர்மானம்" அங்கேதான் நிறைவேறியது. கட்சிக்குத் "திராவிடர் கழகம்" என்று பேர் வைத்ததும் அங்கேதான்.

மார்க்கெட் உச்சத்தில் ஜெயில்!

1952-ல் "பராசக்தி" வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. 1953-ல் மறுபடி மாடர்ன் தியேட்டர்சுக்கு "திரும்பிப்பார்". சிவாஜிக்குக் கெட்டவன் வேஷம். டைரக்டர் சுந்தரமே.

கருணாநிதிக்கு மார்க்கெட் உச்சம். கேட்ட பணம் கொடுக்கப் பட முதலாளிகள் வாசலில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து என்ன செய்தார் தெரியுமா? அதே 1953 ஜூலை 15-ந் தேதி டால்மியாபுரம் ரெயில் நிலையத்துக்குப் போய், "கல்லக்குடி" என்று பெயரை மாற்று என்று தண்டவாளத்தில் படுத்தார்! போலீஸ் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டது. கண்ணதாசனும் அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார்.

சினிமாக்காரனுக்கு அரசியல் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். படம் கையில் இருக்கும்போது ஜெயிலுக்குப் போகிறவன் பொழுதுபோக்குக்குப் போகமாட்டான். அங்கேதான் அவர் தன் கட்சிக்காரர்கள் மத்தியிலும் எழுந்து நின்றார். வெறும் வசனகர்த்தா என்கிற பேச்சு அடங்கியது.

ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா விடவில்லை. கூட்டத்தில் பேசினால் "வசனம் பேசுகிறார்" என்றார்கள். அழுதால் "நடிக்கிறார்" என்றார்கள். அந்தக் கேலி அவருடைய கடைசிக்காலம் வரை ஓயவில்லை. கேலியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்றே சொல்ல வேண்டும். மேடைத் தமிழும் வசனத் தமிழும் ஒரே உலையில் வெந்த சோறு. எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நடிப்பு விஷயத்தில் அவர் சாமர்த்தியசாலி. எம்.ஆர்.ராதாவுக்காக "தூக்கு மேடை" நாடகம் எழுதி, அதில் ராதாவோடு தானும் நடித்தார். "கலைஞர்" பட்டம் கொடுத்தவர் ராதாதான். 1967 தேர்தல் சமயத்தில் "காகிதப்பூ" நாடகத்திலும் மேடை ஏறினார். ஆனால் சினிமாவில் கதாநாயகனாகும் ஆசை அவருக்கு வரவில்லை. தன் வசனத்தைப் பேச எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இருக்கும்போது தான் எதற்கு என்று விட்டுவிட்டார். கண்ணதாசன் அப்படி விடவில்லை. 1964-ல் "கறுப்புப் பணம்" எடுத்து அதில் அவரே கதாநாயகனாக வந்தார். படம் வந்தது, போயிற்று. பாட்டு நின்றது!

அரசியலிலும் இப்படித்தான். 1957 தேர்தல். தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்டது. கருணாநிதி குளித்தலையில் நின்றார். ஜெயித்தார். கண்ணதாசன் திருக்கோட்டியூரில் நின்றார். தோற்றார். கட்சிக்கு மொத்தம் கிடைத்ததே 15 இடம். சேலத்தில் ஒன்றாக இருந்தவர்களுக்கு அங்கே வழி பிரிந்தது.

நாமக்கல் கதை, தி.மு.க. வசனம்!

நாமக்கல்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு.

நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை மோகனூரில் பிறந்தவர். பழுத்த காந்தியவாதி. உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டு எழுதியவர். ஜெயிலுக்குப் போனவர். 1949-ல் சென்னை மாகாண அரசு அவரை ஆஸ்தான கவிஞர் ஆக்கியது. கவிஞர் மட்டுமா? ஓவியர். நாவலாசிரியர். மேல்-சபை உறுப்பினராகவும் இருந்தார். அரசியலும் எழுத்தும் ஒரே ஆளிடம் இருப்பது இந்தச் சீமைக்குப் புதிது இல்லை!

அவருடைய நாவல் "மலைக்கள்ளன்". கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக எடுத்தார். வசனம் எழுத யாரைப் பிடித்தார்? கருணாநிதியை! கதாநாயகன் எம்.ஜி.ஆர்.! காங்கிரஸ் கவிஞரின் கதை, தி.மு.க.காரரின் வசனம். மேடையில் இரண்டு கட்சியும் கட்டிப் புரண்டு கொண்டிருந்த காலம் அது. 1954-ல் படம் வந்து ஓடு ஓடு என்று ஓடியது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் வாங்கியது.

அதே 1954-ல் மாடர்ன் தியேட்டர்சில் "இல்லற ஜோதி". கதை-வசனம் கண்ணதாசன். அதில் வருகிற சலீம்-அனார்கலி நாடகத்துக்கு மட்டும் வசனம் கருணாநிதி. சினேகிதம் இருந்த நாள்!

கோட்டையில் எழுத்து மேஜை

1969 பிப்ரவரி 3-ந் தேதி அண்ணா மறைந்தார். ஒரே வாரம். பிப்ரவரி 10-ந் தேதி கருணாநிதி முதல்-அமைச்சர். வயது 44.

1970-ல் பிரதமர் இந்திரா காந்தி சேலம் வந்து உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். முதல்-அமைச்சர் என்ற முறையில் அந்த ஆலைக்காக நின்றவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளத்துக்கு வந்த ஊருக்கு இப்போது வேறு மரியாதையோடு வந்தார்.

எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அண்ணா தி.மு.க. பிறந்தது. 1976 ஜனவரி 31-ந் தேதி கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. 1977-ல் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர். கண்ணதாசனை 1978-ல் அரசவைக் கவிஞர் ஆக்கினார். கருணாநிதி எதிர்க்கட்சி வரிசையில். மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் நுழைந்த மூன்று பேரும் மூன்று நாற்காலியில்!

நாற்காலி போனால் பலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விடுவார்கள். அரசியல்வாதிக்குப் பதவிதான் பிழைப்பு. இவருக்கு வேறு பிழைப்பு கையில் இருந்தது. அதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம். 1976 முதல் 1989 வரை 13 வருஷம் ஆட்சி இல்லை. எத்தனையோ தலைவர்களுக்கு அதில் பாதி நாளிலேயே கட்சி கலைந்து போயிருக்கும். அவர் தினமும் "உடன்பிறப்பே" என்று முரசொலியில் கடிதம் எழுதினார். ஊருக்கு ஊர் கிளைக் கழகத்தில் ஒருவர் அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். குறளுக்கு ஓவியம் தீட்டினார். சரித்திர நாவல் எழுதினார். 1986-ல் "பாலைவன ரோஜாக்கள்", 1987-ல் "நீதிக்குத் தண்டனை" என்று அவர் வசனத்தில் படங்கள் வந்தன. மாலைக் காட்சிக்குப் போன ஜனங்கள் அரசியல் செய்தியும் சேர்த்துக் கேட்டு வந்தார்கள். 1950-ல் சேலத்தில் பழகிய அதே வித்தை!

எழுத்து ஜனங்களை அவரிடம் வைத்திருந்தது. அது இல்லாவிட்டால் 1989-ல் திரும்பி வந்திருப்பாரா என்பது சந்தேகம். அதே சமயம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். எம்.ஜி.ஆர். உயிரோடு இருந்தவரை எவ்வளவு எழுதியும் கோட்டைக்குள் நுழைய முடியவில்லை. வசனம் எழுதியவரை விட வசனம் பேசியவர் முகம்தான் ஜனங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அவர் ஆட்சியில்தான் 1997 ஜனவரி 1-ந் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. டி.ஆர்.சுந்தரத்தின் திருச்செங்கோடும் கவிஞரின் மோகனூரும் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல்லோடு போயின. அதே 1997-ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம்.

உடுக்கைப் பாட்டு சினிமா ஆனது

நம் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி முழுக்க உடுக்கை அடித்துப் பாடுகிற கதை ஒன்று உண்டு. அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கச்சி அருக்காணி. பாட்டி சொல்லிக் கேட்காத பிள்ளை கொங்குச் சீமையில் கிடையாது.

அந்தக் கதையைக் கருணாநிதி "பொன்னர்-சங்கர்" என்று நாவலாக எழுதினார். காவிரிக்கரை ஆள் கொங்குக் கதையை எழுதினார் என்று இந்தப் பக்கம் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. கதையை மாற்றிவிட்டார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 2011-ல் அது சினிமா ஆனது. பிரசாந்த் இரட்டை வேஷம். திரைக்கதை-வசனம் மு.கருணாநிதி. முதல்-அமைச்சராக இருக்கும்போதே வசனம் எழுதினார். வயது 86!

படம் ஏப்ரலில் வந்தது. அதே ஏப்ரலில் சட்டசபைத் தேர்தல். படமும் பேர் வாங்கவில்லை. கட்சியும் தோற்றது. திருவாரூரில் அவர் மட்டும் ஜெயித்தார்.

விட்டாரா? 2015-ல் டெலிவிஷனுக்கு "ராமானுஜர்" தொடர் எழுத உட்கார்ந்தார். நாத்திகர் எழுதிய வைணவ மகான் கதை. "இதென்ன கூத்து!" என்று இரண்டு தரப்பிலும் கேட்டார்கள். சாதி பார்க்காமல் ஜனங்களைச் சேர்த்துக்கொண்டவர் ராமானுஜர், அதனால் எழுதுகிறேன் என்பது அவருடைய காரணம்.

2016-ல் 13-வது தடவையாகச் சட்டசபைத் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1957-லிருந்து நின்ற ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை. அந்த வருஷக் கடைசியில் உடம்பு கெட்டது. பேச்சு நின்றது. எழுத்தும் நின்றது. 2018 ஆகஸ்ட் 7-ந் தேதி காலமானார்.

மெரினாவில் இடம் தருவதா, கூடாதா என்று ஐகோர்ட்டு வரை வழக்குப் போனது. மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது. சாயங்காலம் அண்ணா சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம். அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் எம்.ஜி.ஆர். சமாதி. "மந்திரி குமாரி"யில் நடித்தவரும் எழுதியவரும் ஒரே கடற்கரையில் இருக்கிறார்கள்.